பூரான்தானே

தம்பி,

இந்தக் கடிதத்தை உனக்கு இருபத்தெட்டு வயதாகும்போது கொடுக்கும்படி உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். எனக்கு இப்போது அந்த வயது. உனக்கு நாலு. நீ யாழ்ப்பாணத்தில் அம்மப்பா வீட்டில் இருக்கிறாய். நான் சுங்கை ரம்பாயிலிருந்து ஏழு மைல் உள்ளே தள்ளி, முள்கம்பிக்குள் அடைபட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில், இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறேன். பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற அப்பாக்கள் வழக்கமாக வயதானவர்கள். அவர்களுக்கு நிதானம் இருக்கும். எனக்கு அது கிடையாது. ஆனால் நரைத்த பிறகு எழுதினால் எல்லாவற்றையும் எனக்கு வசதியாக மாற்றி எழுதிவிடுவேன் என்ற பயத்தில் இப்போதே எழுதுகிறேன். உறையை ஒட்டப்போவதில்லை. வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். முதலில் உன் அம்மா படிக்க வேண்டும்.

என் வேலை மண். ஆளுயரக் குழி வெட்டி, ஒவ்வோர் அடுக்கிலும் மண்ணின் நிறம், ஈரம், அதில் ஊர்கிற உயிர்கள் என்று எல்லாவற்றையும் பார்த்து எழுதி மலாக்கா டவுன் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். எந்த மண்ணில் எந்த ரப்பர் கன்று தேறும் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். தோட்டத்தில் எனக்கு 'மண்ணு கிராணி' என்று பெயர். இங்கே பேனா பிடிக்கிறவன் எல்லாம் கிராணிதான். அவசரகாலச் சட்டம் வந்ததிலிருந்து தொழிலாளர் லயங்களையும் எங்கள் வீடுகளையும் சேர்த்துக் கம்பி அடித்துவிட்டார்கள். காலையில் கேட்டில் உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்பது சர்க்கார் கணக்கு. என் போத்தல்களை ஒவ்வொரு நாளும் திறந்து முகர்ந்து பார்ப்பார் அங்கே நிற்கும் இளவயது மலாய்க்காரக் காவலர். 'அப்பா இனி?' என்று கேட்பார். மலாயில் 'இது என்ன' என்று அர்த்தம். 'தானா' என்பேன். மண் என்று அர்த்தம். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

எனக்குக் குழி வெட்டியவர் வீராயி அக்கா. நாற்பது வயதிருக்கும். ஆண்களில் பாதிப் பேரைக் காவலுக்கு எடுத்துக்கொண்டதால் பெரிய கிராணி அவரை அனுப்பினார். எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் நாளே வாயை மூடிக்கொண்டேன், அவர் வெட்டிய சுவர் நூல் பிடித்தது போல நேராக நின்றது. நான் மண்ணை எடுத்து மூக்கருகே வைத்தால் குழிக்கு மேலிருந்து குரல் வரும். "என்னாங்கய்யா, உப்பு போதுமா?" நான் ஈரத்தைக் குறித்துக்கொள்வேன். "காரம் கொறைச்சல்னு எழுதிக்குங்கலா." என்னோடு காவலுக்கு வந்த இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் அளவுகோலை வைத்து அடுத்த அடுக்கை அளப்பேன். எனக்குச் சிரிப்பு தாமதமாகத்தான் வரும், சில சமயம் வீட்டுக்கு வந்த பிறகு.

தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஓடையை ஒட்டி வெட்டாமல் விட்ட காடு ஒரு துண்டு உண்டு. அங்கே உளுத்த கட்டைகளின் கீழ் ஈர மண்ணில்தான் முதலில் அந்தப் பூரானைக் கண்டேன். சுவரில் ஓடுகிற பூரான் அல்ல. இது மண்ணைவிட்டு வெளியே வராத சாதி. விரல் நீளம், நூல் பருமன், பழுத்த எலுமிச்சை நிறம். கண் கிடையாது. வேகம் கிடையாது. கையில் வைத்தால் கடிப்பதில்லை, சும்மா நெளியும். கால்களைச் சோடி சோடியாக எண்ணினேன். எழுபத்தொன்று, எழுபத்துமூன்று, எழுபத்தைந்து என்று ஒற்றை எண்ணாகவே வந்தது. எண்ணிய எதிலும் ஒரு தடவைகூட இரட்டை வரவில்லை. இது ஏன் என்று யாருக்காவது கடிதம் எழுதிக் கேட்க வேண்டும் போலிருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. உன் அம்மாவிடம் சொன்னேன். "அதுகளின்ரை காலை எண்ணுறதுக்கோ சர்க்கார் உங்களுக்குச் சம்பளம் தருது?" என்று கேட்டுவிட்டு அரிசியில் கல் பொறுக்கினாள். நீ மட்டும் காது கொடுத்துக் கேட்டாய், உனக்கு அப்போது மூன்று வயது. ஒரு மத்தியானம் உன்னையும் போத்தலையும் போர்வைக்குள் இழுத்துப் போட்டு, புல் தண்டால் அதைத் தொட்டேன். உடம்பிலிருந்து ஏதோ கசிந்து, கண்ணாடி ஓரமெல்லாம் பச்சை வெளிச்சம் பூசிக்கொண்டது. நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு என் சட்டையைப் பற்றினாய். "விளக்கு" என்றாய். அந்தச் சட்டையை இப்போது போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெருமைப்படுவதற்கு என்னிடம் அந்த ஒரு மத்தியானம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டேன். மீதி அப்படியல்ல.

அந்தச் சாதியில் தாய் முட்டைகளைச் சுற்றி வளையமாகப் படுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் அசையாது, தின்னாது. தகப்பனுக்கு அங்கே வேலை இல்லை, அவன் எப்போதோ போய்விட்டிருப்பான். ஓடைக்கரையில் ஒரு கட்டையின் கீழ் அப்படி ஒரு தாயைக் கண்டேன். என்ன ஆகிறது என்று பார்க்க ஒவ்வொரு நாளும் கட்டையைப் புரட்டினேன். ஐந்தாம் நாள் முட்டை ஒன்றுகூட இல்லை. அதுவே தின்றிருந்தது. "ஐயா, பெத்தவள சும்மா வுடாம தெனம் கதவத் தெறந்து பாத்தா என்னா செய்வா அவ?" என்றார் வீராயி அக்கா. நான் அதிலிருந்து கற்றுக்கொண்டது தப்பான பாடம். அடுத்த தாயைக் கண்டபோது, புரட்டாமலே பார்ப்பதற்காக, கட்டையை மண்ணோடு கோணிச்சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து பின்வாசலில் வைத்தேன். உள்ளே வேறு என்ன குடியிருக்கிறது என்று பார்க்கவில்லை. கால்களை எண்ணத் தெரிந்தவன் அதைப் பார்க்கவில்லை.

இனி ஒரு சொல்லைப் பற்றி. நான் மலாக்கா டவுனில் பிறந்தவன் என்றாலும் வீட்டில் பேசியது யாழ்ப்பாணத் தமிழ். எங்கள் வீட்டில் சின்னது மட்டும்தான் பூரான். சாண் நீளத்தில், செங்கல் நிறத்தில், கடித்தால் ஆளைச் சுருட்டிப் போடுகிற பெரியதை மட்டத்தேள் என்போம். தோட்டத்து ஆட்களின் பாட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குச் சின்னதும் பூரான், பெரியதும் பூரான். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. என் குறிப்புப் புத்தகத்தில் 'உள்ளூர்ப் பெயர்' என்ற கட்டத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் டிரெசர் அடுத்த தோட்டத்துக்கு மருந்து கொடுக்கப் போய்விடுவார், நம் மருந்துக்கடை பூட்டியிருக்கும். நான் ஓடைப் பக்கம் பழைய குழிகளில் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். வெட்டு வேலை இல்லாததால் வீராயி அக்கா நம் வீட்டில் உன் அம்மாவுக்கு மா இடித்துக்கொண்டிருந்தார். பதினொன்றரை மணிக்கு அவர் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடி வந்தார். இரண்டு மைல். தலைத்துணி எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

"ஐயா, தம்பிய பூரான் கடிச்சிருச்சு. அம்மா ஒங்கள ஒடனே வரச் சொன்னாங்க."

"பூரான்தானே," என்றேன்.

"ஐயா..."

"அதுக்குக் கடிக்கிற பலமே இல்லை, அக்கா. நீங்களே கையில் வைத்துப் பார்த்தீர்களே. சுண்ணாம்பு தடவச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் மூன்று குழி இருக்கிறது."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நாடாவைப் பிடித்தபடி குழிக்குள் இறங்கிவிட்டேன். மோட்டார் சைக்கிள் பத்தடி தூரத்தில் மரத்தில் சாய்ந்திருந்தது. ஏறியிருந்தால் பன்னிரண்டுக்குள் உன்னைத் தூக்கிக்கொண்டு சுங்கை ரம்பாய் டாக்டரிடம் போய்க்கொண்டிருப்பேன். பன்னிரண்டரைக்கு ராணுவ லாரிகள் வந்தன. லயத்தைச் சோதனை போடக் கேட்டைப் பூட்டினார்கள். உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே. வெளியே இருந்தவர்களை எல்லாம் அரை மைல் தள்ளி இருக்கும் ரப்பர் பால் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். வீராயி அக்கா திரும்பும் வழியில் அங்கே மாட்டிக்கொண்டார். சற்றுப் பிந்தி நானும் வந்து மாட்டினேன். அவர் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். ஒரு தடவை எழுந்து வந்து, "புள்ள ரொம்ப அழுதுச்சுங்கய்யா" என்றார். "பயந்திருப்பான்" என்று சொல்லிவிட்டுக் குறிப்பைச் சுத்தமாகப் பிரதி எடுத்தேன். அந்தப் பக்கங்களின் கையெழுத்து நன்றாகவே இருக்கிறது.

நாலு மணிக்குக் கேட் திறந்தது. உன் அம்மா கம்பிக்குப் பக்கத்தில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். உன் இடது கை முழங்கை வரைக்கும் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. காவலரின் ஈரக் கைக்குட்டையை அதில் சுற்றியிருந்தார்கள். நீ அழவில்லை, அழுது முடித்துவிட்டிருந்தாய். உன் அம்மா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இவள் உங்களுக்கு எத்தினை மணிக்குச் சொன்னவள்?"

"இப்பத்தான். நாலு மணிக்கு. ஸ்டோரடியில் வைத்து."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. நாக்கு முந்திக்கொண்டது. அதனால் அது சின்னதாகிவிடாது. வீராயி அக்கா எனக்கு மூன்றடி பின்னால் நின்றார். உன் அம்மா அவரைப் பார்த்தாள். "எங்கை குந்தியிருந்து வெத்திலை போட்டனீ? என்ரை பிள்ளை இஞ்சை துடிக்குது." வீராயி அக்கா என்னைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்தார். "ஆமாங்கம்மா. பொழுது போயிருச்சு" என்றார். நான் மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.

மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு நீ எழுந்து உட்கார்ந்தாய். கடித்த இடம் சீழ் வைத்து ஆறியது. இடது பெருவிரலின் அடியில் புளியங்கொட்டை போல ஒரு வடு இருக்கும், பார்த்துக்கொள். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து உன் அம்மா கேட்டில் நின்ற கதையைச் சொன்னாள். அவள் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, மலாய் ஒரு சொல் தெரியாது. "அந்தக் காவல்காரப் பொடியன் பிள்ளையின்ரை கையைக் காட்டிக் காட்டி 'அப்பா இனி, அப்பா இனி' எண்டு கேட்டவன். எனக்கும் அதுதானே கேள்வி. அப்பா இனி எப்ப வாறது? 'வருவார், வருவார்' எண்டு சொல்லிக்கொண்டே நிண்டன்." கையில் என்ன என்று அவர் கேட்டிருக்கிறார். அப்பா வருவார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். நான் அதை அவளுக்கு விளக்கவில்லை. விளக்கினால் அழுவாள் என்று நினைத்தேன். நான் அழுதுவிடுவேன் என்பதுதான் உண்மை.

மட்டத்தேள் குடியிருந்த கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்காக என்னைத் திட்டினாள், ஒரு வாரத்தில் மன்னித்தும்விட்டாள். வீராயி அக்காவை மன்னிக்கவில்லை. பெரிய கிராணியிடம் போய்ச் சொன்னாள். அவர் அக்காவைக் குழி வேலையிலிருந்து எடுத்துப் புல் வெட்டும் கும்பலில் போட்டார். லயத்தில் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும். 'நாலுமணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் வரிசை நிற்கும்போது, "ஏ நாலுமணி, கொடம் நெறைய எத்தன நாளாகும்லா?" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் போவேன். இரண்டு மாதம் கழித்து உன் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினாள். கம்பிக்குள் மூச்சு முட்டுகிறது என்றாள், அது பொய்யில்லை. கிள்ளான் துறைமுகத்தில் நீ வடு இருந்த கையால்தான் எனக்கு ஆட்டினாய்.

அதன்பிறகு ஒரு வருடம். தனிமை என்றால் என்ன என்று உனக்குத் தெரியாவிட்டால் நல்லது. சோறு மிஞ்சுவதைத்தான் சொல்வேன். ஒருவனுக்கு எவ்வளவு அரிசி என்று இன்னும் எனக்குக் கை பழகவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவடைத்தால் காலைவரை குரல் வேண்டுமானால் ரேடியோதான். அதில் பேசுகிறவர்கள் என்னைக் கேள்வி கேட்பதில்லை, அது ஒரு வசதி. உன் மர யானையைப் பரணில் வைத்தேன், திரும்ப எடுத்து மேசையில் வைத்தேன். பின்வாசலில் அந்தக் கட்டை இருந்த இடத்தில் சதுரமாகப் புல் முளைக்காமல் கிடக்கிறது. புதிதாகக் குழி வெட்டுகிறவன் சுவரைக் கோணலாக வெட்டுகிறான். உப்பு போதுமா என்று கேட்பதில்லை.

போன மாதம் இரண்டு காகிதம் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று ஆபீசிலிருந்து: விருப்பமானால் மலாக்கா டவுனுக்கே மாறலாம் என்று. மற்றது உன் அம்மாவிடமிருந்து: "தங்கா பத்துப் பக்கம் கடலோரமாய் ஒரு வீடு எடுங்கோ, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன். அந்தத் தோட்டத்துக்கு மாத்திரம் மாட்டன். அந்தப் பொம்பிளையின்ரை முகத்தில முழிக்க மாட்டன்." ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். நீ வந்துவிடுவாய். வீராயி அக்காவை நாங்கள் யாரும் திரும்பப் பார்க்கப்போவதில்லை. பொய் இங்கேயே மண்ணுக்குள் கிடக்கும். மாற்றல் விண்ணப்பப் பாரத்தைப் பூர்த்தி செய்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது. மனச்சாட்சி என்றெல்லாம் பெரிய வார்த்தை போட மாட்டேன். அன்று காலை குழாயடியில் யாரோ, "நாலுமணி, ஒங்க மண்ணு கிராணி டவுனுக்குப் போறாராம்லா, வழியனுப்ப நாளைக்குத்தான் போய்ச் சேருவியா?" என்று கேட்டதைக் காதால் கேட்டிருந்தேன். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் லயத்துக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்றைக்கு ஏன் உண்மையைச் சொல்லவில்லை?"

"நான் சொன்னா நம்பவா போறாங்க. அப்பறம், புருசன் பொண்டாட்டிக்குள்ள எனக்கென்னா வேலை. வீடு ஒடைஞ்சா அந்தப் புள்ளதான் பாவம்."

"உடைந்துதான் போயிற்று."

"அது ஒங்க கெட்டிக்காரத்தனம்." அரிவாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு சொல்லவாய்யா. பேரு என்னாமோ இருந்துட்டுப் போகுது. பூரானு, தேளு, எதாச்சும். எம்மாம் பெருசுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் கைய இப்படி விரிச்சுக் காட்ட வந்தேன். நீங்க குழிக்குள்ள எறங்கிட்டீங்க."

கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண். ஒரு வருடம் கழித்து அந்த அளவு எனக்கு வந்து சேர்ந்தது.

தம்பி, உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வயது போதாது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நீயும் என்னைப் போலப் படித்தவனாக வருவாய், எதற்கும் சரியான பெயர் உனக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து உன்னிடம் ஒரு சொல் சொன்னால் அந்தச் சொல்லை ஆராயாதே. சொல்கிறவர் முகத்தைப் பார். எழுந்து போ. போன இடத்தில் ஒன்றுமில்லை என்றால் திரும்பி வரலாம், குழி அங்கேயேதான் இருக்கும்.

மறுநாள் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போனேன். பெரிய கிராணி பேரேட்டை மூடுவதற்குள், எல்லார் முன்னாலும், வீராயி அக்கா அன்று பதினொன்றரைக்கே வந்து சொன்னார், நான்தான் வரவில்லை, நாலு மணி என்றது என் பொய் என்று சொன்னேன். குரல் நான் நினைத்ததைவிடச் சன்னமாக வந்தது. பிறகு பின்வரிசையில் ஒரு பெண் குரல்: "அப்ப இனிமே ஒங்களத்தான் நாலுமணின்னு கூப்புடணுமாய்யா?" கூட்டம் சிரித்தது. வீராயி அக்கா சிரிக்கவில்லை. தலைத்துணியை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டார். இப்போது என் பெயர் நாலுமணி கிராணி. அக்கா குழி வேலைக்குத் திரும்பி வந்துவிட்டார். நேற்று ஓடைக்கரையில் ஒரு கட்டையைத் தாண்டிப் போனேன். "என்னாய்யா, பொரட்டலயா?" என்றார். "வேண்டாம்" என்றேன். "அதிசயம்லா" என்றார்.

மாற்றல் பாரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடுவதா என்பதை உன் அம்மாதான் சொல்ல வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகு அவள் வருவாளா, வராமலே விட்டுவிடுவாளா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் நீ இதை அப்பா இல்லாமல் வளர்ந்தவனாக வாசித்துக்கொண்டிருப்பாய். வருவாள் என்று எழுத ஆசைதான். தெரியாததை எழுத மாட்டேன்.

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இன்று காலை கேட்டைத் தாண்டினேன், இன்னும் முடிக்காத கடிதம்தான். அதே காவலர், அதே கை. ஒட்டாத உறையைத் தொட்டு, "அப்பா இனி?" என்றார். உறையை எடுத்துக் காட்டி, "சூராட்" என்றேன். கடிதம் என்று அர்த்தம். அவர் தலையாட்டிவிட்டு விட்டுவிட்டார்.

நாளை சுங்கை ரம்பாய் தபாலாபீசில் இதைச் சேர்க்கிறேன். போய்ச் சேர்ந்து பதில் வர ஆறு வாரம் ஆகும். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு உன் அம்மா அந்தக் கேட்டில் நாலு மணிவரை நின்றாள். நானும் நிற்கிறேன்.

உன் அப்பா